14 வருடம் கழித்துப் பார்வை திரும்புமா?

குடியாத்தத்திலிருந்து ஒரு தம்பி எழுதிக் கேட்டிருக்கிறார். அவருடைய பெரியப்பாவுக்கு 56 வயது. கைத்தறியில் லுங்கி நெய்தவர். இளவயதிலேயே பொழுது சாய்ந்தால் தடுமாற்றம். அப்புறம் பக்கத்தில் வருகிற ஆள் தெரியாமல் மோதிக்கொள்வது. 42 வயதில் தறியை விட்டு இறங்கிவிட்டார். "கண் நரம்பு காய்ந்துவிட்டது, இனி ஒன்றும் செய்வதற்கில்லை" என்று அப்போதே சொல்லி அனுப்பிவிட்டார்களாம். இப்போது செல்போனில் ஒரு வீடியோ சுற்றுகிறது. பல வருடமாகப் பார்வையில்லாத ஒருவர் கறுப்பாக ஒரு கண்ணாடியை மாட்டிக்கொள்கிறார், மனைவி முகத்தைப் பார்த்து அழுகிறார். "அந்தக் கண்ணாடி இங்கே கிடைக்குமா, என்ன விலை, மனையை விற்றாவது வாங்கித் தந்துவிடுகிறோம்" என்கிறார் தம்பி.

மனையை விற்க வேண்டாம். முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். மற்றதை நிதானமாகப் பேசலாம்.

நான் அறுவை செய்கிற டாக்டர் இல்லை. கண் பரிசோதகர். வேலூர், ஆற்காடு, ஆம்பூர் பக்கம் 20 வருடத்துக்கு மேலாகக் குறைபார்வை உள்ளவர்களோடுதான் வேலை. அந்த வீடியோவை எனக்கு அனுப்பாத ஆள் இந்த மாவட்டத்தில் பாக்கியில்லை என்றே நினைக்கிறேன். அது பொய் வீடியோ கிடையாது. ஆனால் அதில் இருப்பவருடைய கண் வேறு, உங்கள் பெரியப்பாவின் கண் வேறு.

தறி நின்றுவிட்டது என்றால் உங்கள் பெரியப்பா என்ன பார்ப்பார்? பாவு அறுந்ததா, நாடா சிக்கியதா, மிதி உடைந்ததா என்று பார்ப்பார். "தறி போச்சு" என்று எழுந்து போகமாட்டார். கண்ணும் அப்படித்தான். முன்னால் கருவிழி, அதற்குப் பின்னால் லென்ஸ், உள்சுவரில் ஒட்டியிருக்கும் விழித்திரை, அங்கிருந்து மூளைக்கு ஓடும் நரம்பு, கடைசியில் மூளையின் பின்பக்கம். இதில் எது பழுதோ அதற்குத் தகுந்தபடிதான் வைத்தியமும் கருவியும். ஒன்றுக்குச் செய்தது இன்னொன்றுக்கு உதவாது. நம் பக்கத்தில் "நரம்பு காய்ந்துவிட்டது" என்ற ஒரே வார்த்தைக்குள் சர்க்கரையால் கெட்ட விழித்திரை, கண்ணின் நீர் அழுத்தம், பிய்ந்து விலகிய விழித்திரை, பரம்பரை நோய் எல்லாவற்றையும் போட்டு மூடிவிடுகிறோம். கூட்டம் நிறைந்த வரிசையில் டாக்டர் சுருக்கமாகச் சொன்னது, வீட்டில் 14 வருடம் தீர்ப்பாக நிற்கிறது.

நீங்கள் சொல்கிற அடையாளங்களைப் பார்த்தால், அதாவது முதலில் இருட்டில் தடுமாற்றம், பிறகு ஓரப்பார்வை போவது, கடைசியில் குழாய் வழியாகப் பார்ப்பதுபோல் நடுவில் மட்டும் கொஞ்சம் மிச்சம் என்றால், விழித்திரை நிறமிச் சிதைவாக இருக்க வாய்ப்பு அதிகம். ரெட்டினைட்டிஸ் பிக்மென்டோசா என்று சீட்டில் எழுதியிருப்பார்கள். சுருக்கி ஆர்.பி. என்பார்கள். விழித்திரையில் வெளிச்சத்தை வாங்கும் செல்கள் ஒவ்வொன்றாக அணைந்துபோகும். இதையும் ஊரில் மாலைக்கண் என்றுதான் சொல்கிறார்கள். பிறகு முருங்கைக்கீரை, ஈரல், கேரட் என்று வருடக்கணக்கில் ஓடும். வைட்டமின் ஏ குறைவால் குழந்தைகளுக்கு வருகிற மாலைக்கண் அதில் சரியாகும். பெரியப்பாவுடையது ஆர்.பி. என்றால் அது கீரைக்குக் கட்டுப்படாது.

கருவிகளைப் பற்றிப் பேசுமுன் அவருக்கு இப்போது எவ்வளவு மிச்சம் என்று தெரிய வேண்டும். நான் செய்வது மிகச் சாதாரணமானது. அறையை இருட்டாக்கி, ஒரு கண்ணை நன்றாகப் பொத்தி, டார்ச்சை மேலிருந்து, கீழிருந்து, இரண்டு பக்கத்திலிருந்தும் மாற்றி மாற்றி அடிப்பேன். எந்தப் பக்கம் வெளிச்சம் என்று அவர் கையால் காட்ட வேண்டும். பள்ளிகொண்டா பக்கத்துப் பெரியவர் ஒருவரை "சுத்தமா பார்வை இல்லீங்க" என்று மகன் கைத்தாங்கலாக அழைத்து வந்தார். டார்ச் அடித்ததும் பெரியவர் சிரித்துவிட்டார். "வெளிச்சம் கீது சார், உருவம்தான் இல்ல. யாரும் கேக்கவே இல்லியே" என்றார். நாலு பக்கமும் சரியாகக் கை காட்டினார். அவருக்கு விழித்திரை நோயோடு கண்புரையும் முற்றிக் கிடந்தது. புரையை எடுத்து லென்ஸ் வைத்த பிறகு ஊசியில் நூல் கோக்கும் பார்வை வரவில்லைதான். ஆனால் வீட்டு வாசற்படியும் பேத்தியின் ரிப்பனும் தெரிந்தன. அவருக்கு அது போதுமாக இருந்தது.

இதை நீட்டிச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. ஆர்.பி. உள்ளவர்களுக்குச் சாதாரண ஆட்களைவிடச் சின்ன வயதிலேயே லென்ஸின் பின்பக்கம் புரை கட்டும். விழித்திரையின் நடுப்பகுதியில் நீர் கோத்து வீங்குவதும் உண்டு. இரண்டுக்கும் வைத்தியம் இருக்கிறது. "ஒன்றும் செய்வதற்கில்லை" என்று கேட்ட குடும்பம் அதற்கப்புறம் டாக்டர் பக்கமே போவதில்லை. அதனால் திருத்தக்கூடிய பாதியும் திருத்த முடியாத பாதியோடு சேர்ந்து போய்விடுகிறது. நம் நாட்டில் 2015 முதல் 2019 வரை நடந்த தேசிய ஆய்வில், 50 வயதுக்கு மேற்பட்டவர்களின் பார்வையிழப்பில் 66.2 சதவீதத்துக்குக் காரணம் வெறும் கண்புரை. பார்வை திரும்பவைக்கும் கருவிகளில் உலகிலேயே அதிகம் வென்றது கண்ணுக்குள் வைக்கிற அந்தச் சின்ன பிளாஸ்டிக் லென்ஸ்தான். அதை யாரும் அதிசயம் என்று வீடியோ போடுவதில்லை.

இப்போது அதிசயங்களுக்கு வருவோம்.

"கண்ணுக்குள் சிப் வைக்கிறார்களாமே" என்று எல்லோரும் கேட்பது பெரும்பாலும் ஆர்கஸ் 2 என்ற கருவியைத்தான். அமெரிக்காவில் கலிபோர்னியாவில் செகண்ட் சைட் என்ற நிறுவனம் செய்தது. ஐரோப்பாவில் 2011-இலும் அமெரிக்காவில் 2013-இலும் அனுமதி கிடைத்தது. ஆர்.பி.யால் பார்வை போனவர்களுக்கென்றே செய்தது, ஆகவே உங்கள் பெரியப்பாவுக்கு நேரடியாகப் பொருந்தும் சங்கதி. மூக்குக்கண்ணாடியில் ஒரு சின்ன கேமரா. இடுப்பில் ஒரு பெட்டி, கேமரா பார்ப்பதை மின்குறிகளாக மாற்றும். அது கம்பியில்லாமல் கண்ணுக்குப் போகும். விழித்திரைமேல் ஒட்டிவைத்த தகட்டில் 60 மின்முனைகள், வரிசைக்கு 10 வீதம் 6 வரிசை. அவை விழித்திரையில் இன்னும் உயிரோடிருக்கும் செல்களைத் தட்டும். ஆளுக்கு ஒளிப்புள்ளிகள் தெரியும்.

60 புள்ளி என்றால் எவ்வளவு? ஒரு சாதாரண செல்போன் படத்தில் பல லட்சம் புள்ளிகள் இருக்கும். வாசலில் அம்மா 6 வரிசை புள்ளி வைத்து, கோடு இழுக்காமல் எழுந்து போய்விட்ட கோலத்தை நினைத்துக்கொள்ளுங்கள். அந்தப் புள்ளிகளில் சில மினுக்கும், சில அணையும். அதிலிருந்து "இது கதவு, இது ஆள்" என்று ஊகிக்க வேண்டும். நிறம் கிடையாது, முகம் கிடையாது. இந்தக் கருவியோடு ஆய்வில் அளந்த மிகச் சிறந்த பார்வையே, நாம் 6 மீட்டர் தள்ளி உட்கார்ந்து படிக்கும் அட்டையின் முதல் பெரிய எழுத்தை 1 மீட்டருக்குள் நெருங்கி வந்து கண்டுபிடிக்கிற அளவுதான். விலை ஏறத்தாழ ஒன்றரை லட்சம் டாலர், அறுவைச் செலவு தனி. ஆனாலும் இருட்டிலேயே பல வருடம் இருந்தவர்களுக்கு அந்தப் புள்ளிகள் சின்ன விஷயமில்லை. சாலை ஓரக்கோடும் ஜன்னலின் வெளிச்சமும் தெரிந்ததைச் சொல்லி மகிழ்ந்தவர்கள் உண்டு. உலகம் முழுக்க சுமார் 350 பேர் பொருத்திக்கொண்டார்கள்.

அப்புறம் நடந்ததுதான் நம் தலையில் ஏற வேண்டியது. வியாபாரம் கட்டவில்லை. 2019-இல் நிறுவனம் இந்தக் கருவியைக் கைவிட்டது. 2020 மார்ச்சில் பெரும்பாலான ஊழியர்களை வீட்டுக்கு அனுப்பியது. பொருத்திக்கொண்டவர்களுக்கு உதிரி பாகம் கிடைக்கவில்லை, பழுதுபார்க்க ஆளில்லை. அதற்குச் சில வருடம் முன்பே நியூயார்க்கில் ரயில் மாறிக்கொண்டிருந்த ஒரு பெண்ணுக்கு ஒரு சின்ன 'பீப்' கேட்டது, கண் அணைந்துவிட்டது. தகடு கண்ணுக்குள் அப்படியே கிடக்கிறது. எடுக்க வேண்டுமென்றால் இன்னொரு அறுவை. இந்தக் கதையெல்லாம் 2022-இல் அமெரிக்கப் பத்திரிகைகளில் விரிவாக வந்தது. ஜெர்மனியில் 1,500-க்கும் மேற்பட்ட ஒளியுணரிகள் கொண்ட சிப் செய்த இன்னொரு நிறுவனமும் 2019-இல் கடையை மூடியது. டிராக்டர் கம்பெனி மூடினால் பழைய இரும்புக்காவது போடலாம். கண்ணுக்குள் இருக்கும் கம்பெனி மூடினால் என்ன செய்வது?

இதனால் ஆராய்ச்சி நின்றுவிடவில்லை. இப்போது முன்னால் நிற்பது பிரிமா என்ற சிப். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் டேனியல் பலங்கர் வடிவமைத்தது. 2 மில்லிமீட்டருக்கு 2 மில்லிமீட்டர், ஒரு கடுகு அளவு என்று வைத்துக்கொள்ளுங்கள். கனம் தலைமுடியில் பாதி. அதற்குள் 378 புள்ளிகள். ஒவ்வொன்றும் குட்டி சூரியத்தகடு மாதிரி, கண்ணாடியிலிருந்து வருகிற கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியை மின்சாரமாக்கிக்கொள்ளும். கம்பியும் பேட்டரியும் கண்ணுக்குள் இல்லை. 2025 அக்டோபரில் இதன் முடிவு வெளியானது. ஐந்து ஐரோப்பிய நாடுகளில் 38 பேருக்கு வைத்தார்கள். ஒரு வருடம் முடித்தது 32 பேர். அதில் 26 பேருக்கு அட்டையில் குறைந்தது இரண்டு வரி கூடியது. சிலர் புத்தகத்தில் எழுத்து கூட்டிப் படித்தார்கள். மாதக்கணக்கில் பயிற்சி எடுத்த பிறகு, கண்ணாடியில் உருவத்தைப் பெரிதாக்கிக்கொண்டு, கறுப்பு வெள்ளையில்.

ஆனால் அவர்கள் எல்லோரும் முதுமையால் விழித்திரையின் நடுப்பகுதி மட்டும் தேய்ந்தவர்கள். ஓரப்பார்வை நன்றாக இருந்தவர்கள். பெரியப்பாவுக்கு அதற்கு நேர் எதிர், ஓரம் போய் நடுவில் கொஞ்சம் மிச்சம். ஆகவே பிரிமா என்ற பெயரைக் கேட்டதும் பாஸ்போர்ட் எடுக்க ஓடவேண்டாம்.

மரபணு வைத்தியத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 2017-இல் அமெரிக்காவில் ஒரு மருந்துக்கு அனுமதி கிடைத்தது, லக்ஸ்டர்னா என்று பெயர். ஆர்பிஇ65 என்ற ஒரே ஒரு மரபணு பழுதானவர்களுக்கு மட்டும் பயன்படும், அதுவும் விழித்திரையில் உயிருள்ள செல் மிச்சமிருந்தால். ஒரு கண்ணுக்கு 4,25,000 டாலர் என்று விலை வைத்தார்கள். இன்னொரு வழி, பாசியிலிருந்து எடுத்த ஒளியுணரும் புரதத்தை விழித்திரையின் மற்ற செல்களில் முளைக்கவைப்பது. 2021-இல் ஆர்.பி. உள்ள 58 வயதுக்காரர் ஒருவர் அதோடு ஒரு சிறப்புக் கண்ணாடியும் போட்டுக்கொண்டு மேசைமேல் இருந்த பொருளைத் தொட்டார், எண்ணினார். இந்த இரண்டாவது வழி இன்னும் ஆய்வில்தான் இருக்கிறது.

மரபணு என்றதும் ஒன்று சொல்லியாக வேண்டும். நம் பக்கம் அக்கா மகளைக் கட்டுவது, மாமன் மகளைக் கட்டுவது சாதாரணம். ஆர்.பி.யில் ஒரு வகை, தாய் தகப்பன் இருவரும் நல்ல பார்வையோடு இருந்து, இருவரிடமும் அதே பழுது ஒளிந்திருந்தால் பிள்ளைக்கு வருவது. ஒவ்வொரு பிரசவத்திலும் நாலில் ஒரு பங்கு வாய்ப்பு. சொந்தத்தில் கட்டும்போது ஒளிந்திருப்பது ஒன்றாகிவிடுகிறது. பெரியப்பாவின் தாய் தகப்பன் சொந்தமா, வீட்டில் வேறு யாருக்காவது இருட்டில் தடுமாற்றம் உண்டா என்று கேளுங்கள், குறிப்பாகச் சிறுபிள்ளைகளை. இதை யார்மேலும் பழிபோடுவதற்காகக் கேட்கக்கூடாது.

கருவிழி கெட்டவர்களுக்கு வழி வேறு. ராணிப்பேட்டை, வாணியம்பாடி, பேரணாம்பட்டு என்று தோல் பதனிடும் ஊர்கள் சூழ்ந்த இடம் இது. சுண்ணாம்புத் தொட்டியிலிருந்து ஒரு தெறிப்பு போதும், கருவிழி வெந்து வெள்ளையாகிவிடும். வெற்றிலைக்குப் போடும் சுண்ணாம்புப் பாக்கெட்டைக் குழந்தை பிதுக்கி விளையாடிக் கண்ணில் அடித்துக்கொள்வதும் உண்டு. அந்த நிமிடமே குழாயடியில் கால் மணி நேரமாவது கண்ணைத் திறந்து வைத்துக் கழுவுவதுதான் முதல் வைத்தியம். தாய்ப்பால், விளக்கெண்ணெய் விடாதீர்கள். இப்படிக் கெட்ட கண்ணில் தானமாக வந்த கருவிழி பல நேரம் ஒட்டாது. அதற்குத்தான் பல்லை வைத்து ஒரு அறுவை இருக்கிறது. 1960-களில் இத்தாலியில் ஸ்ட்ராம்பெல்லி என்ற டாக்டர் தொடங்கியது, சென்னை சங்கர நேத்ராலயாவில் செய்கிறார்கள். ஆளுடைய கோரைப்பல்லை எலும்போடு எடுத்து, சீவி, நடுவில் துளைபோட்டு, பிளாஸ்டிக் உருளை ஒன்றைப் பதிப்பார்கள். அதைச் சில மாதம் உடம்புக்குள்ளேயே தோலுக்கடியில் வைத்துத் திசு வளரவிடுவார்கள். கண்மேல் கன்னத்தின் உள்தோலைப் போர்த்தி, பிறகு பல்லைக் கண்ணில் பொருத்துவார்கள். பார்க்க இளஞ்சிவப்பாக, நடுவில் சின்னக் கறுப்பு வட்டத்தோடு இருக்கும். அழகு என்று சொல்லமுடியாது. ஆனால் விழித்திரையும் நரம்பும் நன்றாக இருந்தால் அந்த வட்டத்தின் வழியாக எழுத்தே படிக்க முடியும். "பல்லுல பாக்குறேன்" என்று ஒருவர் என்னிடம் சொன்னபோது நகைச்சுவை என்றுதான் முதலில் நினைத்தேன்.

அவரிடம் கற்றுக்கொண்டது இன்னொன்று. பல வருடம் கழித்து அறுவை முடிந்து பார்வை வந்தவர், ஆஸ்பத்திரிப் படிக்கட்டில் நின்றுகொண்டு இறங்கமாட்டேன் என்கிறார். "இன்னா சார் இது, தரை மேல வருது" என்று கைப்பிடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். பிறகு கண்ணை மூடிக்கொண்டு, பழைய பழக்கத்தில் காலால் தடவி, கடகடவென்று இறங்கிவிட்டார். ஒற்றைக் கண், சின்ன வட்டம் என்பது ஒரு காரணம். மூளை பழக்கம் விட்டுப்போனது இன்னொரு காரணம். அவர் பெரியவரான பிறகு பார்வை இழந்தவர் என்பதால் சில வாரத்தில் தேறிவிட்டார்.

குழந்தையிலேயே போனவர்களுக்கு இது எளிதில்லை. அமெரிக்காவில் மைக் மே என்பவர் 3 வயதில் பார்வை இழந்து, 43 வருடம் கழித்து 2000-இல் அறுவையில் ஒரு கண்ணைப் பெற்றார். நிறமும் அசைவும் சீக்கிரம் பிடிபட்டன. முகத்தை வைத்து ஆளைச் சொல்வது பல வருடமாகியும் கைகூடவில்லை. டெல்லியில் பவன் சின்ஹா என்ற மூளை ஆய்வாளர் நடத்தும் பிரகாஷ் திட்டத்தில், பிறவிப் புரையை எடுத்த பிள்ளைகளிடம் ஒரு பொருளைக் கையில் கொடுத்துத் தடவச் சொன்னார்கள். பிறகு இரண்டைக் காட்டி எது என்று கேட்டார்கள். கட்டு அவிழ்த்த புதிதில் பிள்ளைகளால் சொல்ல முடியவில்லை. சில நாள், சில வாரத்தில் கற்றுக்கொண்டார்கள். 2011-இல் வெளிவந்த முடிவு இது. உங்கள் பெரியப்பா 42 வயது வரை பார்த்தவர். அவருடைய மூளையில் பாவும் ஊடும் சிவப்பும் ஊதாவும் பத்திரமாக இருக்கும்.

அப்படிப் பத்திரமாக இருப்பதனால் ஒரு வேடிக்கையும் நடக்கும். பார்வை குறைந்தவர்களுக்கு இல்லாத உருவங்கள் தெரிவது உண்டு. கட்டம், பூவேலை, சில நேரம் ஆட்கள்கூட. சார்லஸ் போனே நோய்க்குறி என்பார்கள். மூளை சும்மா இருக்கமுடியாமல் தானே படம் போடுவது. அவர் நெசவாளி, சுவரில் லுங்கிக் கட்டம் ஓடுகிறது என்று சொன்னால் பயந்துவிடாதீர்கள். பேயும் இல்லை, புத்தி பேதலிப்பும் இல்லை. பார்வை திரும்புகிறது என்றும் எடுத்துக்கொள்ளக்கூடாது.

சரி, வீடியோவில் வந்த அந்தக் கறுப்புக் கண்ணாடி. அது கண்ணைக் குணப்படுத்துவதில்லை. முன்னால் ஒரு கேமரா, உள்ளே கண்ணுக்கு நெருக்கமாக இரண்டு குட்டித் திரைகள். கேமரா பார்ப்பதைப் பெரிதாக்கி, வெளிச்சம் கூட்டி, கறுப்பு வெள்ளை வித்தியாசத்தை அழுத்திக் காட்டும். இசைட், ஐரிஸ்விஷன் போன்ற பெயர்களில் வந்தவை. வெளிநாட்டுக் கண்ணாடி என்றால் பேச்சு லட்சங்களில்தான். நடுப்பார்வை மங்கி ஓரப்பார்வை இருப்பவர்களுக்கு இது நிஜமாகவே உதவும். பெரிதாக்கினால் பழுதான இடத்தைத் தாண்டி மிச்சமுள்ள இடத்தில் உருவம் விழும். மனைவி முகத்தைப் பார்த்து அழுதவர் அப்படிப்பட்டவராகத்தான் இருப்பார்.

ஆர்.பி.க்கு ஏன் பொருந்தாது என்பதை வீட்டிலேயே பார்க்கலாம். தினத்தாளை ஒல்லியாகக் குழல் சுருட்டி ஒரு கண்ணில் வைத்துக்கொள்ளுங்கள், மற்ற கண்ணை மூடுங்கள். எதிரில் இருப்பவர் முகம் முழுதாகத் தெரியாது. இப்போது அவர் நெருங்கி வரட்டும், அதுதான் பெரிதாக்குவது. என்ன தெரிகிறது? மூக்கு மட்டும். குழல் பார்வைக்காரருக்குப் பெரிதாக்கினால் இருப்பதும் போகும். இவர்களுக்குச் சில நேரம் தலைகீழாக, உருவத்தைச் சிறிதாக்கிக் காட்டும் கண்ணாடிதான் உதவும். ஒரு கண்காட்சியில் இப்படிப்பட்ட ஒருவருக்கு மாட்டிவிட்டார்கள். உட்கார்ந்திருந்தவரைக்கும் சுவர்க்கடிகாரத்தைப் பார்த்துப் பூரித்தார். எழுந்து நாலடி வைத்ததும் தலைசுற்றி, பக்கத்து மேசையில் டீ டம்ளரைத் தட்டிவிட்டு, வாந்தி வருகிறது என்று உட்கார்ந்துவிட்டார். விற்க வந்தவர் "பழகிடும் சார்" என்றார். யாராக இருந்தாலும் 15 நாள் வீட்டில் வைத்துப் பார்க்கத் தராமல் பணம் வாங்க வந்தால் வாங்காதீர்கள்.

என்னைக் கேட்டால் உங்கள் பெரியப்பாவுக்கு நாளைக்கே வாங்கித் தரவேண்டியது ஒரு நல்ல ஆண்ட்ராய்டு போனும் ஒரு வெள்ளைப் பிரம்பும்தான்.

போனில் அணுகல்தன்மை என்ற பகுதியில் டாக்பேக்கை இயக்கி, பேசும் குரலைத் தமிழுக்கு மாற்றுங்கள். விரல் படும் இடமெல்லாம் போன் படித்துச் சொல்லும். ஒரு முறை தொட்டால் சொல்லும், இரண்டு முறை தட்டினால் திறக்கும். முதல் வாரம் எல்லோருக்கும் எரிச்சல்தான் வரும். குரலை மெதுவாக வையுங்கள், வீட்டில் பொறுமையுள்ள பிள்ளையைப் பக்கத்தில் உட்காரவையுங்கள். அவசரக்காரர் வேண்டாம், போனைப் பிடுங்கித் தானே செய்துவிடுவார். கணினி வேண்டுமென்றால் என்விடிஏ இருக்கிறது. ஆஸ்திரேலியாவில் பார்வையற்ற இருவர் 2006-இல் தொடங்கிய இலவசத் திரைவாசிப்பான், தமிழிலும் பேசும்.

அப்புறம் பி மை ஐஸ். டென்மார்க்கில் பார்வைக்குறைபாடுள்ள ஒருவர் யோசித்து 2015-இல் வந்த செயலி. பொத்தானைத் தொட்டால் உலகில் எங்கோ இருக்கும் தன்னார்வலர் உங்கள் போன் கேமரா வழியாகப் பார்த்துச் சொல்வார். மொழியைத் தமிழ் என்று வைத்தால் தமிழ் பேசுபவரே வருவார். செயற்கை நுண்ணறிவே படத்தைப் பார்த்து விவரிக்கும் வசதியும் 2023 முதல் இதில் இருக்கிறது. எனக்குத் தெரிந்த காட்பாடிக்காரர் ஒருவர் தன் வீட்டு வாசலைப் படமெடுத்துக் கேட்டார். கோலம், ஒரு பழுப்பு நாய், பாதி திறந்த இரும்புக் கதவு என்று சொல்லியது. அவர் எழுந்து போய்க் கதவைச் சாத்தினார். வீட்டில் எல்லோரும் இருந்தும் அது திறந்திருக்கிறது என்று அவருக்கு யாரும் சொன்னதில்லை. ஆனால் இந்த நுண்ணறிவு தப்பையும் அதே தெளிவான குரலில் சொல்லும். மாத்திரை அட்டை, சாலை கடப்பது, இந்த இரண்டுக்கும் அதை நம்பக்கூடாது. மாத்திரைக்கு ரப்பர் பேண்டு போதும். காலைக்கு ஒன்று, ராத்திரிக்கு இரண்டு சுற்று.

ரூபாய் நோட்டுக்கு ரிசர்வ் வங்கியே 2020-இல் மணி என்ற செயலியை விட்டது. நோட்டைக் காட்டினால் எத்தனை ரூபாய் என்று சொல்லும், இணையம் தேவையில்லை. நெசவாளி விரலுக்கு அதுகூட வேண்டாம். புதிய 100 ரூபாயில் தடவினால் ஒரு முக்கோணமும் ஓரத்தில் 4 சாய்கோடுகளும், 500-இல் ஒரு வட்டமும் 5 கோடுகளும், 200-இல் 4 கோடுகளுக்கு நடுவே இரண்டு சின்ன வட்டங்களும் இருக்கும். நைந்த நோட்டில் தெரியாது, வங்கியிலிருந்து வந்த நோட்டில் தெரியும். நூல் எண்ணிக்கை சொன்ன விரல் அது.

பிரம்பில் ஒரு முன்னேற்றம் உண்டு. டெல்லி ஐஐடியில் உருவாகி 2014-இல் வந்த ஸ்மார்ட்கேன், பிரம்பின் பிடியில் மாட்டுவது. வௌவால் மாதிரி ஒலி அனுப்பி, முழங்காலிலிருந்து தலை உயரம் வரை 3 மீட்டருக்குள் தடை இருந்தால் பிடி அதிரும். சாதாரணப் பிரம்புக்குப் பள்ளமும் படியும் தெரியும், தலை உயரத்தில் நீட்டியிருக்கும் தகரக்கூரை தெரியாது. வேலூர் லாங் பஜாரில் ஒருமுறை நடந்து பார்த்தவருக்கு இதன் அருமை புரியும். ஆனாலும் முதலில் வெறும் பிரம்பில் பழகட்டும். பிரம்பு பிடிக்க வெட்கப்படுகிறார் என்று சொல்வீர்கள். எல்லோரும் அப்படித்தான். வெட்கம் அவருக்கா, வீட்டில் இருப்பவர்களுக்கா என்று ஒருமுறை யோசித்துப் பாருங்கள்.

எங்கே போவது என்றும் கேட்டிருக்கிறீர்கள். குடியாத்தத்திலிருந்து உங்களுக்குத் தூரமில்லை. வேலூரில் ஆரணி சாலையில் சி.எம்.சி.யின் கண் மருத்துவமனை, ஊரில் ஷெல் ஆஸ்பத்திரி என்றால்தான் தெரியும். சி.எம்.சி.யை நிறுவிய டாக்டர் ஐடா ஸ்கடர் 1902-இல் 40 படுக்கையோடு தொடங்கிய இடம். 1940-களின் கடைசியில் விக்டர் ராம்போ என்ற டாக்டர் அங்கிருந்துதான் கிராமம் கிராமமாகக் கண் முகாமுக்குக் கிளம்பினார். கரிகிரி தொழுநோய் மருத்துவமனையில் இமை மூடாமல் புண்ணாகும் கண்களுக்கு மார்கரெட் பிராண்ட் வைத்தியம் பார்த்ததும் இந்த மண்ணில்தான். அரசு மருத்துவமனை என்றால் அடுக்கம்பாறை. எங்கே போனாலும் மூன்றைக் கேளுங்கள். புரையோ விழித்திரை வீக்கமோ இருக்கிறதா? நோயின் சரியான பெயர் என்ன? மரபணுச் சோதனை எடுக்க வேண்டுமா? மூன்றாவதற்குப் பதில் தெரிந்து வைத்திருந்தால், நாளைக்கு ஒரு புதிய சிகிச்சை ஆய்வு வரும்போது அது இவருக்குப் பொருந்துமா என்று உடனே தெரியும். உண்மையான ஆய்வில் சேருபவரிடம் மருந்துக்கும் கருவிக்கும் பணம் கேட்கமாட்டார்கள். ஸ்டெம் செல் ஊசி போட்டால் பார்வை வரும் என்று லட்சக்கணக்கில் கேட்பவரிடமிருந்து எழுந்து வந்துவிடுங்கள்.

மாற்றுத்திறனாளி அடையாள அட்டை இன்னும் எடுக்கவில்லை என்றால் அதையும் கையோடு முடியுங்கள். 40 சதவீதமோ அதற்கு மேலோ குறைபாடு இருந்தால் உதவித்தொகை, பயணச் சலுகை, கருவிகள் எல்லாம் அந்த அட்டை வழியாகத்தான். சத்துவாச்சாரியில் ஆட்சியர் அலுவலக வளாகத்தில் மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகம் இருக்கிறது. பிரம்பையும் போனையும் காசு போட்டு வாங்குமுன் அங்கே என்ன தருகிறார்கள் என்று விசாரித்துவிடுங்கள்.

வரும்போது பழைய சீட்டுகள் எவ்வளவு கசங்கியிருந்தாலும் எடுத்து வாருங்கள். பெட்டியடியில் பழைய மூக்குக்கண்ணாடி கிடந்தால் அதையும். சாப்பிடும் மாத்திரை அட்டைகளையும். கண்ணின் பாப்பாவைப் பெரிதாக்கச் சொட்டு மருந்து விடுவார்கள், நாலைந்து மணி நேரம் வெளிச்சம் கூசும், காலை வண்டிக்கே கிளம்பிவிடுங்கள். அறைக்குள் கேள்விகளுக்கு நீங்கள் பதில் சொல்லாமல் பெரியப்பாவைப் பேசவிடுங்கள். வெளிச்சம் எந்தப் பக்கம் என்று அவர்தான் கை காட்ட வேண்டும்.